மதுரைக்காரர்களுக்கு பாரிஸில் ஏசி எதற்கு?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஜூலைக் கடைசியில் மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு நான்கு நாள் பாரிஸ். ஏசி அறை என்றால் இரவுக்கு நாற்பது யூரோ கூடுதல். அக்னி நட்சத்திரத்தையே பார்த்தவர்களுக்கு 35 டிகிரி எம்மாத்திரம், அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாமா என்கிறீர்கள். 2019-இல் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

ஆறாவது மாடியில், கூரைக்கு நேர் கீழே ஒரு வாடகை வீடு எடுத்திருந்தேன். படத்தில் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கூரைகள் வரிசையாக, பார்க்க அழகாக இருந்தன. அதெல்லாம் துத்தநாகத் தகடு என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. தகரக் கொட்டகைக்குள் படுத்தால் எப்படி இருக்கும்? அதேதான். அந்த வாரம்தான், ஜூலை 25 அன்று, பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. அதுவரை அந்த ஊரே பார்த்திராத வெயில்.

அம்மா உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, மேல ஒரு ஃபேன்கூட இல்லையே" என்றார். நடு இரவில் எழுந்து பார்த்தால் அப்பாவைப் படுக்கையில் காணோம். துண்டை நனைத்து மார்பில் போட்டுக்கொண்டு குளியலறைத் தரையில் படுத்திருந்தார். மறுநாள் காலை டேபிள் ஃபேன் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது.

நம் ஊரில் வெயிலுக்கு ஒதுங்கத் திண்ணையும் தலைக்கு மேல் ஃபேனும் இருக்கின்றன. மத்தியானம் யாரும் ஊர் சுற்றுவதும் இல்லை. அங்கே ஜூலையில் சூரியன் மறையவே ஒன்பதரை ஆகிவிடும். நாளெல்லாம் சூடு குடித்த கல் சுவர் இரவு முழுக்க அதைக் கக்கும். 2003 ஆகஸ்டில் வந்த வெப்ப அலையில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அதனால் நாற்பது யூரோவைப் பார்க்காதீர்கள். ஹோட்டலின் நட்சத்திரக் கணக்கை நம்பவும் வேண்டாம்; அறை விவரத்தில் 'க்ளிமாட்டிசே' என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் ஏசி. கிடைக்கவே இல்லையென்றால் கீழ் மாடியாக, ஜன்னலுக்கு வெளியே மரக்கதவு உள்ளதாக எடுங்கள். காற்று வரட்டும் என்று பகலில் ஜன்னலைத் திறப்பது நம் பழக்கம். அங்கே அது அனலை உள்ளே அழைப்பது. பகலில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு இரவில் திறக்க வேண்டும். என் அப்பா பயணத்தின் கடைசி நாள்வரை இதை ஒத்துக்கொள்ளவில்லை.

சுற்றிப் பார்ப்பதைக் காலை பதினொன்றுக்குள்ளும் மாலை ஏழுக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சாப்பாடு, தூக்கம். லூவர் அருங்காட்சியகம் புதன், வெள்ளிகளில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், செவ்வாய் விடுமுறை. நோத்ர்தாம் தேவாலயத்தை 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஐஃபில் கோபுரத்தின் உச்சிக்கு முன்பதிவு செய்தாலும் மனத்தை அதிலேயே வைக்காதீர்கள். 2025 ஜூலைத் தொடக்கத்தில் வெயிலுக்காகவே உச்சியை இரண்டு நாள் மூடினார்கள். என்னைக் கேட்டால் மேலே ஏறுவதைவிட, இருட்டிய பின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் அது மினுமினுப்பதைப் புல்லில் உட்கார்ந்து பார்ப்பது மேல். குழந்தைக்குத் தூக்கம் கெடும், ஒரு நாள்தானே. படகுச் சவாரியும் அப்போதுதான். மத்தியானம் அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் வெந்துவிடுவீர்கள்.

மெட்ரோவில் படிக்கட்டுகள் அதிகம், லிஃப்ட் குறைவு. 14-ஆம் தடத்தில் மட்டும் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. பெரியவர்களோடு போகும்போது பஸ்தான் நல்லது, ஊரையும் பார்த்தபடி போகலாம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கி நிற்கும் பச்சை இரும்புக் குழாய்கள் தெருக்களில் இருக்கும். 1872-இல் ரிச்சர்ட் வாலஸ் என்பவர் ஊருக்குக் கொடுத்தவை. இன்றும் நல்ல குடிதண்ணீர்.

மூன்றாம் நாள் பெரியவர்களுக்கு நாக்கு செத்துவிடும். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான் லா ஷப்பல், யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைத்தெரு. எங்களுக்குச் சோறு போட்ட கடைக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், "ஐயா, முதல்ல தண்ணி குடியுங்கோ" என்று சொம்பை நீட்டினார். நான்கு நாளில் அப்பா சிரித்தது அப்போதுதான்.

அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை இருந்தால், வெயிலில் அளவை மாற்ற வேண்டுமா என்று கிளம்பும் முன்பே ஊர் டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பெட்டியில் இரண்டு பனையோலை விசிறியும் வைக்கச் சொல்லுங்கள், எடையே இருக்காது. அறை முடிவானதும் எந்தப் பகுதி என்று எழுதுங்கள், அங்கிருந்து எந்த பஸ் வசதி என்று பார்த்துச் சொல்கிறேன்.