மின்சாரக் கார் வந்தால் ஊர் கராஜ் என்னாகும்?

மட்டக்களப்பு கல்லடியில் கராஜ் வைத்திருக்கும் தம்பி கேட்கிறார்: "சீனாவின் பிவைடி மின்சாரக் கார்கள் வருகுது. ரொயோட்டா ஏன் இன்னும் பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட்டை விடுகுதில்லை? நான் எதைப் பழகுறது?"

தம்பி, இரண்டு கம்பனியும் தமக்குக் கைவந்த தொழிலிலிருந்துதான் நகருகின்றன. பிவைடி 1995இல் பற்றரி செய்யத் தொடங்கியது. காருக்கு வந்தது 2003இல். மின்சாரக் காரில் ஆக விலை கூடிய பாகம் பற்றரி. அதைத் தானே செய்பவர் கையில்தான் விலையும் இருக்கும். அந்தத் துணிவில் 2022 மார்ச்சில் பெற்றோலில் மட்டும் ஓடும் கார்களைச் செய்வதையே நிறுத்தினார்கள். ரொயோட்டாவோ 1997இல் பிரியஸ் என்ற ஹைபிரிட் காரை இறக்கியதிலிருந்து ஹைபிரிட்டில் ஊறியது. சார்ஜ் வசதி எல்லா நாட்டிலும் ஒரேயளவு வேகத்தில் வராது என்பது அவர்கள் கணக்கு. கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிற நமக்கு அது நன்றாக விளங்கும். ஆனால் 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றதும் நாங்கள்தானே!

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. ஆகவே உங்கள் வாசலுக்கு வரப்போவது இன்னும் சில காலம் பழைய ஹைபிரிட்தான். அதில் தொடங்குங்கள். ரொயோட்டாவின் ஹைபிரிட்டான ஒரு அக்வாவின் பின் சீற்றைக் கழற்றிப் பாருங்கள். பற்றரிக்குக் காற்று இழுக்கும் விசிறியில் தூசி அப்பிக் கிடக்கும். துப்புரவாக்காவிட்டால் பற்றரி சூடேறிக் கெதியாகப் பழுதாகும்.

உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயரில் மட்டும் முறையான பயிற்சியும் மின்காப்புக் கையுறையும் இல்லாமல் கை வைக்காதீர்கள். பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றினாலும் 10 நிமிடம் பொறுக்க வேண்டும். உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும்.