மேசை நடுவே ஒரு தட்டு சாத்தே: மலாய்த் தெருவோர உணவு, கேள்வி பதில்

நான் மலேசியாவின் காஜாங்கில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்து வீடு ஒரு மலாய்க் குடும்பம். சின்ன வயதில் அவர்களோடு சேர்ந்துதான் பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, போவோம். இன்று என் பிள்ளைகளும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஒன்றாக வருகிறார்கள். குடும்பத்தோடும் நண்பர்களோடும் மலாய்த் தெருவோரக் கடைகளில் சாப்பிடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மலேசியப் பணமான ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம், பதில்களிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து: நாங்கள் ஆறு பேர் கோலாலம்பூர் வருகிறோம். ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும். எங்கே போவது, எப்படி ஆர்டர் சொல்வது?

கம்போங் பாருவுக்குப் போங்கள். 1900-இல் மலாய்க்காரர்களின் விவசாயக் குடியிருப்பாக ஒதுக்கப்பட்ட இடம் அது. நகரம் சுற்றிலும் வளர்ந்த பிறகும் பழைய மர வீடுகள் அங்கங்கே நிற்கின்றன, அண்ணாந்து பார்த்தால் இரட்டைக் கோபுரம் தெரியும். கிளானா ஜெயா தடத்தில் கம்போங் பாரு என்றே ரயில் நிலையம் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு போனால்தான் கடைகள் களைகட்டும்.

ஆர்டர் பற்றி ஒன்றே ஒன்று: ஆளுக்கொரு தட்டு என்று சொல்லாதீர்கள். நம் ஊர் ஓட்டல் பழக்கத்தில் ஆறு பேருக்கு ஆறு தட்டு நாசி லெமாக், அதாவது சம்பலோடு வரும் தேங்காய்ப்பால் சோறு, சொல்லிவிட்டால் எல்லார் வயிறும் அத்தோடு நிறைந்துவிடும், மற்றதைப் பார்க்கவே முடியாது. முதலில் இரண்டு நாசி லெமாக், முப்பது குச்சி சாத்தே (குச்சியில் கோத்துக் கனலில் வாட்டிய இறைச்சி), ஒரு வாட்டின மீன், ஒரு தட்டு பலகாரம் என்று சொல்லி எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். போதவில்லை என்றால் இன்னும் கேட்கலாம், அடுப்பு பக்கத்திலேயேதான் இருக்கிறது. மலாய்க் குடும்பங்கள் வெளியே சாப்பிடுவதைக் கவனித்தால் தெரியும். கறியும் மீனும் நடுவில் இருக்கும், அம்மா கையால் பிட்டு எல்லார் தட்டிலும் போட்டுக்கொண்டே பேசுவார். இந்தச் சாப்பாட்டின் ருசி பாதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மதுரையிலிருந்து: நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம். மாமியார் சுத்த சைவம். எங்களுக்கு அங்கே சாப்பிட ஏதாவது இருக்குமா?

இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு முறை தவறு செய்தவள் நான்.

டாகிங் என்றால் அகராதியில் இறைச்சி. கடைப் பலகையில் எழுதியிருந்தால் அது மாட்டிறைச்சி. சாத்தே டாகிங், பர்கர் டாகிங், ரெண்டாங் டாகிங் எல்லாமே அப்படித்தான். ஆயாம் என்றால் கோழி, காம்பிங் என்றால் ஆடு, சோத்தோங் என்றால் கணவாய். பேச்சில் சந்தேகம் வந்தால் லெம்பு என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள், அது மாடுதான், குழப்பமே வராது. "தாக் மாக்கான் லெம்பு" என்று சொன்னால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்துக்களோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள்.

ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்தபோது ஒரு நாசி லெமாக் கடைக்கு அழைத்துப் போனேன். கறுப்பாக, மொறுமொறுவென்று பொரித்து வைத்திருந்த துண்டுகளைக் கோழி ஈரல் என்று நினைத்து அவர் தட்டில் வைத்தேன். அது பாரு, மாட்டு நுரையீரல். ஒரு வாய் போட்ட பிறகுதான் பக்கத்து மேசைக்காரர் சொல்லித் தெரிந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, தெளிவாக எழுதி வைத்திருந்தார், நான்தான் படிக்கவில்லை. பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அதிலிருந்து தெரியாத துண்டு எதுவானாலும் கேட்காமல் எடுப்பதில்லை. சாத்தே கடையிலும் இதைக் கவனியுங்கள்: பல இடங்களில் கோழியும் மாடும் ஒரே கனலில்தான் வாட்டப்படும். அது உங்களுக்கு ஒப்பாது என்றால் கோழி மட்டும் விற்கும் கடையைத் தேடுங்கள்.

மாமியார் விஷயம் இன்னும் நுணுக்கமானது. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கோழியை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். சம்பல் என்ற மிளகாய் விழுதில் பெலாச்சான் இருக்கும், அது இறாலைப் புளிக்கவைத்துக் காயவைத்த கட்டி. காய்கறிக் குழம்பிலும் காய்ந்த இறால் கிடக்கும். எனவே பெயர் பெயராகச் சொல்லுங்கள்: "தாக் மாவ் இக்கான் பிலிஸ், தாக் மாவ் ஊடாங், தாக் மாவ் பெலாச்சான்." நெத்திலி வேண்டாம், இறால் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம்.

அவருக்கு நிம்மதியான இடம் பலகாரக் கடை. ஒண்டே ஒண்டே வாங்கிக் கொடுங்கள். பண்டான் என்ற வாசனை இலையின் சாறு சேர்த்த பச்சை உருண்டை, மேலே தேங்காய்த் துருவல். கடித்ததும் உள்ளிருக்கும் மலாக்கா வெல்லம் சூடாக வாயில் உடையும். அதனால் பாதியாகக் கடிக்காமல் முழுதாக வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புடவை போய்விடும். குவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரம், செண்டோல் என்ற குளிர்ந்த தேங்காய்ப்பால் இனிப்பு, அவித்த சோளம் எல்லாம் சாப்பிடலாம். செரி மூக்கா என்ற பலகாரத்தின் பச்சை மேற்பகுதியில் முட்டை உண்டு, மடித்துத் தரும் அப்பாம் பாலிக்கின் மாவிலும் முட்டை சேர்ப்பார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாழைக்காய் போலத் தோன்றும் பீசாங் கோரெங் உண்மையில் பழத்தில் செய்த பஜ்ஜி. அதே எண்ணெயில் மீன் பண்டம் பொரிக்கிறார்களா என்று சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி: நல்ல சாத்தேயை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

அடுப்படியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள் தம்பி. கரி அடுப்பாக இருக்க வேண்டும், நீளமாக, குறுகலாக. இறைச்சியில் மஞ்சள், எலுமிச்சைப் புல், அரத்தை, மல்லி, சீரகம், சர்க்கரை ஊறியிருக்கும். சர்க்கரை இருப்பதால் கவனிக்காவிட்டால் நொடியில் கருகிவிடும். அதனால்தான் வாட்டுகிறவர் கை ஓயவே ஓயாது, ஒரு கையில் விசிறி, மறு கையில் குச்சிகளைக் கொத்தாகத் திருப்புவது. எலுமிச்சைப் புல் தண்டின் அடியை நசுக்கி, அதையே தூரிகையாக்கி எண்ணெய் தொட்டுத் தடவுவார்கள். எண்ணெய் கனலில் சொட்டி எழும் அந்தப் புகை இறைச்சியில் ஏற வேண்டும். ஓரம் மட்டும் இலேசாகக் கருகி, நடுவில் பளபளவென்று ஈரம் நின்றால் அது நல்ல கை.

எங்கள் காஜாங்கில் நிலக்கடலைக் குழம்போடு மிளகாய்ச் சம்பலைத் தனியாகக் கொடுப்பார்கள், காரத்தை நீங்களே கலந்துகொள்ளலாம். பச்சை வெங்காயம், வெள்ளரிக்காய், அமுக்கிக் கட்டிய சோறு மூன்றும் கூட வரும். வெங்காயத்தை ஒதுக்காதீர்கள், தித்திப்பைச் சரிக்கட்டுவது அதுதான். ஒரு குச்சி இப்போது ஒரு வெள்ளியைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் ஆளுக்கு எட்டு குச்சியாவது கணக்குப் போடுங்கள். ஆறிய சாத்தேயில் ருசி இல்லை, எனவே இரண்டு தவணையாகச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நாசி லெமாக் வீட்டில் செய்தேன். சோறு சரியாக வந்தது, சம்பல் பச்சை வாடை அடிக்குது. எங்கே பிழை?

அவசரம்தான் பிழை. இந்தச் சம்பலுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பதம் பெச்சா மிஞ்ஞாக், நம் வழக்கில் எண்ணெய் பிரிவது. காய்ந்த மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சுட்ட பெலாச்சான் சேர்த்து அரையுங்கள். எண்ணெயில் தாராளம் காட்ட வேண்டும். விழுதைப் போட்டுச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் எண்ணெயை எல்லாம் விழுது குடித்துவிடும், நிறம் ஆரஞ்சாக இருக்கும். பொறுங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். நிறம் கருஞ்சிவப்பாகி, ஓரத்தில் எண்ணெய் தனியே கசிந்து நிற்கும், கண்ணைக் கரிக்கும் நெடி அடங்கி இனிப்பு வாசனை வரும். அதற்குப் பிறகுதான் புளி, சர்க்கரை, உப்பு, வட்டமாக நறுக்கிய பெரிய வெங்காயம். பொரித்த நெத்திலியைக் கடைசியில் போடுங்கள்.

சோற்றுக்கு நீங்கள் ரம்பை என்று சொல்லும் இலைதான் எங்கள் பண்டான். இரண்டு கோப்பை அரிசிக்கு ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பால், ஒன்றரைக் கோப்பை தண்ணீர், முடிச்சுப் போட்ட இலை, ஒரு துண்டு இஞ்சி. இது எனக்குச் சரியாக வரும் அளவு. 2024-இல் மலேசியாவின் பசியாறும் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது நாசி லெமாக்கும், பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கும் அதில் இருந்தன. எங்களுக்கு அது காலைப் பசியாறல்தான். ஆனால் நள்ளிரவில் விற்றாலும் வரிசை நிற்கிறது.

சென்னையிலிருந்து: மாமாக் கடையும் மலாய்க் கடையும் ஒன்றுதானே?

இல்லை. மாமாக் கடை தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்தது. அங்கே விற்கும் சோறு-குழம்பான நாசி கண்டாரில் வரும் கண்டார் என்பது தோளில் சுமக்கும் தண்டு. அந்தக் காலத்தில் பினாங்கில் ஒரு பக்கம் சோற்றுப் பானை, ஒரு பக்கம் குழம்புப் பானை கட்டிக் காவடி போலச் சுமந்து விற்றார்கள். மலாய்ச் சமையலில் எலுமிச்சைப் புல், அரத்தை, தேங்காய்ப்பால் முன்னே நிற்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே வளர்ந்தவை. மலாயில் கடைக்குக் கெடாய் என்று பெயர், அது நம் கடைதான். அப்பாம் நம் ஆப்பம்.

பெங்களூரிலிருந்து: நோன்பு மாதத்தில் வருகிறோம். பகலில் கடை எல்லாம் மூடியிருக்குமாமே?

மலாய்க் கடைகள் பெரும்பாலும் பகலில் மூடியிருக்கும், மற்றவை திறந்திருக்கும். ஆனால் உண்மையில் நீங்கள் வருவது மிக நல்ல நேரத்தில். மாலை நான்கு மணி வாக்கில் ஊருக்கு ஊர் ரமலான் சந்தை கூடிவிடும். ஆண்டு முழுக்கத் தேடினாலும் ஒரே தெருவில் கிடைக்காத பண்டங்கள் அங்கே கிடைக்கும்: கிளந்தான் மாநிலத்தின் வாட்டிய கோழியான ஆயாம் பெர்சிக், சங்குப்பூச் சாறு ஊற்றி நீலமாக வேகவைத்த நாசி கெராபு சோறு, திரெங்கானு மாநிலத்தின் மீன் பண்டமான கெரோப்போக் லெக்கோர், முட்டை தடவிய ரொட்டி ஜான். யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஒரு மரியாதை மட்டும் காக்க வேண்டும்: அங்கே நின்று வாயில் போடாதீர்கள். விற்கிறவர் விடியலுக்கு முன்னிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் அனல் முன்னால் நிற்கிறார். பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்ச் சாப்பிடுங்கள். மலாய் நண்பர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து நோன்பு திறக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். கோலாலம்பூரில் அது ஏழு மணி தாண்டித்தான். பேரீச்சம்பழம் முதலில், அப்புறம்தான் மற்றவை. கம்போங் பாரு பள்ளிவாசலில் நோன்பு மாதம் முழுக்க இலவசமாகக் கொடுக்கும் பூபூர் லம்பூக் கஞ்சியும் கிடைத்தால் விடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஓர் அக்கா: அவ்வளவு தூரம் வர முடியாது. இங்கே?

கேலாங் செராய் சந்தையின் மாடி, அக்கா. புட்டு பீரிங் கிடைத்தால் சூடாகச் சாப்பிடுங்கள். நம் புட்டுக்குள் மலாக்கா வெல்லம் வைத்தது போல இருக்கும். நண்பர்கள் கூட்டமாக இருந்தால் இரவில் லாவ் பா சாட் பக்கத்துத் தெருவில் போடும் சாத்தே கடைகளுக்குப் போகலாம். தட்டைத் திருப்பி வைப்பது 2021 முதல் அங்கே கட்டாயம், அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கிள்ளானிலிருந்து: மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. நண்பர்கள் கூப்பிட்டால் போகவே பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. மலாய் உணவில் கடலை எங்கும் இருக்கிறது: சாத்தே குழம்பு, நாசி லெமாக்கின் வறுத்த கடலை, அப்பாம் பாலிக்கின் உள்ளே, காய் அடைத்த தோஃபுவான தாவு சும்பாட்டின் மேலே. ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கொடுப்பது போதாது, ஒரே கரண்டிதான் எல்லாவற்றிலும் போகும். மகள் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துப் போங்கள். ஹலால் கடைகளில் வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக விரும்ப மாட்டார்கள். ஆனால் "அலாஹான் காச்சாங்" என்று காரணத்தைச் சொல்லி, முதலிலேயே "போலே தாக், காக்?" (பரவாயில்லையா, அக்கா?) என்று கேட்டுவிட்டால், குழந்தைக்காக மறுத்த மக்சிக்கை, அதாவது கடைக்கார அம்மாவை, நான் பார்த்ததில்லை. மருத்துவர் கொடுத்த மருந்து கையில் இருக்கட்டும். இளநீரை அவள் கண் முன்னாலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள், கூட்டத்தோடு அவளும் ஏதோ ஒன்று குடித்ததாக இருக்கும்.

சேலத்திலிருந்து: பாட்டிக்கு 78 வயது. அவரையும் அழைத்து வரலாமா? காரம், கூட்டம், உட்கார இடம் எல்லாம் யோசனையாக இருக்கிறது.

கண்டிப்பாக அழைத்து வாருங்கள். இரவுச் சந்தையில் நடந்துகொண்டே சாப்பிட வேண்டும், அது அவருக்கு வேண்டாம். மேசை போட்ட கடையாகப் பார்த்து, கூட்டம் சேருவதற்கு முன், ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். காரத்துக்கு "கூராங் பெடாஸ்", குடிக்கும் பானத்தில் இனிப்புக்கு "கூராங் மானிஸ்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சர்க்கரை தூக்கலாக வரும். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடலாம், அங்கே எல்லாரும் வலக்கையால்தான் சாப்பிடுகிறார்கள், கை கழுவக் குழாய் இருக்கும். அப்புறம், பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுந்திருக்கும்போது முட்டி வலிக்காது. நாங்கள் எங்கள் ஆத்தாவுக்கு அப்படித்தான் போடுவோம்.