அலையை அள்ளி ராக்கெட்டில் ஊற்றலாமா?

கே: கடல் அலையில் மின்சாரம் எடுத்து, அதை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து ராக்கெட்டுக்கு ஊற்றலாமே சார்? எரிபொருள் செலவே இருக்காதே!
- பிளஸ் டூ மாணவி, தூத்துக்குடி

ப: தாராளமாகப் பிரிக்கலாம்மா. கணக்குதான் உதைக்கிறது.

திருவனந்தபுரத்துப் பக்கம் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் 1991-ல் ஓர் அலை மின்நிலையம் அமைத்தார்கள். திறன் 150 கிலோவாட். நாகர்கோவிலில் வேலை பார்த்த காலத்தில் அதைப் பார்க்கவே பஸ் ஏறிப் போனேன். அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, கடலுக்குள் நிற்கும் கான்கிரீட் கூண்டு. அலை நுழைந்தால் உள்ளே தண்ணீர் ஏறி, மேலிருக்கும் காற்றைத் தள்ளும். வடிந்தால் காற்றை இழுக்கும். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் ஒரே திசையில் சுற்றுகிற வெல்ஸ் டர்பைன். கண்ணை மூடினால் பக்கத்தில் யானை மூச்சு வாங்குவது போலிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் சத்தம் ஏறி இறங்கும், மின்சாரமும் அப்படியே.

அங்கிருந்து கிழக்கே, மலைக்கு அந்தப்புறம் மகேந்திரகிரி. கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் இன்ஜின்களை இஸ்ரோ சோதிக்கும் இடம். எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் மேலடுக்குக்கு ஏறக்குறைய 5 டன் திரவ ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோ பிரிக்க 50 யூனிட் மின்சாரத்துக்கு மேல் ஆகும். அதை மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு. மொத்தம் மூன்றேகால் லட்சம் யூனிட் என்று வையுங்கள். விழிஞ்ஞம் நிலையம் முழுத் திறனில் ராப்பகலாக ஓடியிருந்தாலும் ஒரே ராக்கெட்டுக்கு மூன்று மாதம்! மார்கழி, தையில் அந்தக் கடல் அடங்கிக் கிடக்கும், அது வேறு. சேர்த்து வைத்த திரவமும் சும்மா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும்.

இன்னொன்று, கடல்நீரை அப்படியே மின்பகுத்தால் குளோரின் கிளம்பும். முதலில் உப்பை நீக்க வேண்டும். விழிஞ்ஞத்தில் பிற்பாடு அலை மின்சாரத்தில் குடிநீர் எடுத்துப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், ராக்கெட்டைவிட அதுதான் உருப்படியான வேலை.

கே: அப்படியானால் எங்கள் குலசேகரன்பட்டினத்து ராக்கெட்டுக்கு?
- அதே மாணவி

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! அங்கே வரும் ஏவுதளத்திலிருந்து போகவிருக்கும் இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று அடுக்கிலும் ரப்பர் போல இறுகிய திட எரிபொருள்தான். ஹைட்ரஜனுக்கு அங்கே வேலையே இல்லை.