ஊருக்குப் புதுசு, கோடை வந்தாச்சு, கூட வர ஆள் இல்ல, என்ன பண்றது?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்: வேலைக்காக ஊர் மாறி வந்து மூணு மாசம் ஆச்சு, கோடை தொடங்கிருச்சு, எல்லாரும் கூட்டம் கூட்டமா வெளிய கிளம்பறாங்க, எனக்கு மட்டும் கூப்பிட ஆள் இல்ல, தனியா சுத்தவும் மனசு வரல, இந்த வயசுக்கு மேல புதுசா ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்களா?

கிடைப்பாங்க. எனக்கு முப்பத்தி நாலு வயசுல கிடைச்சாங்க, அதுவும் இதே மாதிரி ஒரு கோடையில. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

நான் வந்த புதுசுல பண்ணின தப்பை முதல்ல சொல்லிடறேன். லீவு நாள்னா ஒரு புது இடம்னு வச்சிருந்தேன். ஒரு வாரம் ஏரி, அடுத்த வாரம் மலை, அதுக்கடுத்த வாரம் மியூசியம், அப்புறம் ஏதோ ஒரு கண்காட்சி. ரெண்டு மாசத்துல எட்டு இடம் பாத்துட்டேன், போன் நிறைய போட்டோ இருந்துச்சு, ஆனா அந்த எட்டு இடத்துலயும் என் பேரைக் கேட்டவங்க ஒருத்தர்கூட கிடையாது. சாயங்காலம் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ள இருக்குமே ஒரு அமைதி, அதை நினைச்சா இன்னைக்கும் மனசு கனக்குது. இடம் பாக்கறது தப்புன்னு சொல்லல, ஆனா ஒரே ஒரு தடவை போற இடத்துல யாருக்கும் நம்ம முகம் பதியாது, அவங்க முகமும் நமக்குப் பதியாது.

அப்புறம் வெயில் கூடினதால வெளிய சுத்தறத விட்டுட்டு காலையில ஆறு மணிக்கு வீட்டுக்குப் பக்கத்துல இருந்த ஏரிக்கரையில நடக்க ஆரம்பிச்சேன். அந்தக் கரை முழுக்க ஒரே ஒரு பெரிய மரம், அதுக்குக் கீழ ஒரு சிமெண்ட் திண்ணை. ஆறு மணிக்கு எல்லாரும் தள்ளித் தள்ளி நடப்பாங்க, ஏழு மணிக்கு மேல வெயில் ஏற ஏற ஒவ்வொருத்தரா அந்த மரத்தடிக்கு வந்துருவாங்க, நிழல் சுருங்கச் சுருங்க ஆட்கள் நெருங்கி உக்காருவாங்க. குளிர்காலமா இருந்திருந்தா நாங்க ஆளுக்கொரு மூலையில நடந்துட்டு வீட்டுக்குப் போயிருப்போம்னு நான் அடிக்கடி நினைக்கிறேன். அங்க ஒரு அக்கா வருவாங்க, ஐம்பது வயசு இருக்கும், அவங்க தண்ணி பாட்டிலைச் சுத்தி எப்பவும் ஈரத்துணி ஒன்னைக் கட்டி வச்சிருப்பாங்க. துணியில இருக்கற ஈரம் காயும்போது பாட்டில்ல இருக்கற சூட்டையும் சேத்து எடுத்துக்கும், அதனால தண்ணி சில்லுனு இருக்கும். நான் அதையே பாத்துட்டு இருந்தேன் போல, ஒரு நாள் "தொட்டுப் பாரும்மா"ன்னு நீட்டினாங்க. அவ்வளவுதான் முதல் பேச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு எனக்குக் காய்ச்சல், மூணு நாள் போகல. நாலாவது நாள் போனதும் அவங்க கேட்டாங்க, "என்னம்மா, மூணு நாளா ஆளையே காணோம்?" அந்த ஊருக்கு வந்த பிறகு நான் இல்லங்கறது ஒருத்தருக்குத் தெரிஞ்சது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, வியர்வைன்னு சொல்லித் துடைச்சிக்கிட்டேன்.

இதுக்கு ஆராய்ச்சியே இருக்குன்னு பின்னாடிதான் படிச்சேன். 1992ல ரிச்சர்ட் மோர்லாண்ட், ஸ்காட் பீச்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கல்லூரி வகுப்புக்கு நாலு பெண்களை அனுப்பினாங்க, ஒருத்தர் போகவே இல்ல, மத்தவங்க 5 தடவை, 10 தடவை, 15 தடவைன்னு போய் உக்காந்துட்டு வந்தாங்க, யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு கண்டிஷன். கடைசியில மாணவர்கள்கிட்ட நாலு பேர் போட்டோவையும் காட்டிக் கேட்டா, அதிக தடவை வந்தவங்களைத்தான் அதிகம் பிடிச்சிருந்துச்சு. ஒரு வார்த்தை பேசாமலே! அதனால பேச்சு வராத ஆளா இருந்தாலும் கவலைப்படாதீங்க, ஒரே இடம் ஒரே நேரம்னு போய் நில்லுங்க, பாதி வேலை அதுவே முடிச்சிரும். பார்க், நீச்சல் குளம், ஷட்டில் கோர்ட், நூலகம், எதுவா இருந்தாலும் சரி, உங்க கால் தானா போற தூரத்துல இருக்கணும், ஏன்னா தூரமா இருந்தா மூணாவது வாரமே நின்னு போயிரும்.

ஆனா முகம் தெரியறது வேற, நட்பு வேற. இங்கதான் வெளிய போற ப்ளான் முக்கியமாகுது. கன்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹால்னு ஒரு பேராசிரியர், 2018ல வந்த அவரோட ஆய்வு நம்மள மாதிரி ஆட்களை வச்சுத்தான் நடந்துச்சு, அதாவது ஆறு மாசத்துக்குள்ள ஊர் மாறி வந்து புது நட்பைத் தேடிட்டு இருந்தவங்க, அதோட புதுசா காலேஜ் சேர்ந்த பசங்களும். தெரிஞ்ச முகம் சாதாரண நண்பரா ஆகறதுக்கு சுமார் 50 மணி நேரம், நல்ல நண்பராக 90 மணி நேரம், ரொம்ப நெருக்கமாக 200 மணி நேரத்துக்கு மேல சேர்ந்து கழிக்கணும்னு வந்துச்சு. ஆபீஸ்ல சேர்ந்து வேலை பாக்குற நேரம் அதுல அவ்வளவா சேராதுங்கறதையும் கவனிங்க, சும்மா உக்காந்து பேசிச் சிரிக்கிற நேரம்தான் கணக்கு.

இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. வாரத்துக்கு மூணு நாள் காலையில ஒரு மணி நேரம்னா 3 மணி நேரம், 50ஐத் தொட நாலு மாசம் ஆகும், அதுக்குள்ள கோடையே முடிஞ்சிரும். அதோட வாரம் ஒரு தடவை அஞ்சு மணி நேரம் சேர்ந்து எங்கயாவது போனா வாரத்துக்கு 8 ஆயிருச்சு, ஆறு ஏழு வாரத்துல 50 வந்துரும். நான் கணக்குப் பாத்துப் பழகல, ஆனா பின்னாடி யோசிச்சா எங்க விஷயத்துல ஏறக்குறைய அப்படித்தான் நடந்திருக்கு. இடத்தோட அழகைவிட அங்க போய் வர்ற அந்த அஞ்சு மணி நேரம்தான் பெருசு, பஸ்ல பக்கத்துல உக்காந்து போனதுலதான் எங்களுக்குப் பாதிக் கதை தெரிஞ்சது.

கூப்பிடறதுதான் எல்லாருக்கும் கஷ்டம், எனக்கும் வாய் வரல. "ஒரு நாள் எங்கயாவது போலாம்ல"ன்னு பொதுவா சொன்னா "ஆமா ஆமா போலாம்"னு சொல்லுவாங்க, அந்த ஒரு நாள் வராது. நான் கடைசியில சொன்னது இதுதான்: "அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில அருவிக்குப் போறேன், ஆறரைக்குக் கிளம்பி பதினொன்னுக்குத் திரும்பிருவேன், வர்றீங்களா?" நாள், நேரம், திரும்பற நேரம் எல்லாம் அதுலயே இருக்கு, அவங்க வரலன்னாலும் நான் போகத்தான் போறேன்னு தெரியுது, அதனால மறுக்கறதும் அவங்களுக்குச் சுலபம். அக்கா வந்தாங்க, திண்ணையில உக்காரற இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தாங்க.

வெயிலைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா மூணாவது தடவை நான் போட்ட ப்ளான் தப்பாப் போச்சு, மதியம் பன்னெண்டு மணிக்கு ஒரு கோட்டை மேல ஏறிட்டு இருந்தோம். எனக்குத் தலை சுத்தி, வாந்தி வர்ற மாதிரி ஆகி, கை காலெல்லாம் வியர்த்து அப்படியே படியில உக்காந்துட்டேன். என்னை நிழலுக்குக் கொண்டு போய் படுக்க வச்சு, காலைத் தூக்கி ஒரு பை மேல வச்சாங்க, அக்கா அந்த பாட்டில்ல சுத்தியிருந்த ஈரத்துணியை அவுத்து என் கழுத்துல போட்டுட்டு துப்பட்டாவால விசிறிக்கிட்டே இருந்தாங்க, கொஞ்சம் கொஞ்சமா ஓஆர்எஸ் குடிக்க வச்சாங்க. அரை மணி நேரத்துல சரியாயிருச்சு. இப்படி ஆகி ஆள் உளற ஆரம்பிச்சாலோ நினைவு தப்பினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், காத்திருக்காம ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, உடம்பை நனைச்சுக்கிட்டே இருங்க, நினைவு சரியா இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க. இன்னொன்னு, குளிர்ச்சியான ஊர்லேர்ந்து வந்தவங்க உடம்புக்கு புது வெயில் பழக ஒன்னு ரெண்டு வாரம் ஆகும், அதனால முதல் அவுட்டிங்கை சின்னதா வைங்க. நம்ம நிழல் நம்மளவிடக் குட்டையா விழுந்தா வெயில் கடுமைன்னு அர்த்தம், அந்த நேரத்துல கூரைக்குக் கீழ இருக்கற இடத்துக்குப் போயிருங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் பாரமா இருந்துட்டோமேன்னு அழுதேன், இனி கூப்பிட மாட்டாங்கன்னே நினைச்சேன். 2018லயே வந்த இன்னொரு ஆய்வுல, புதுசா பேசின ரெண்டு பேர்ல ஒவ்வொருத்தரும் "அவருக்கு என்னை அவ்வளவா பிடிக்கல"ன்னு உண்மையைவிடக் குறைச்சே நினைக்கிறாங்கன்னு பாத்திருக்காங்க. எனக்கு அது சரியாப் பொருந்துச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா போன் பண்ணி, "சாப்டியா, தலைவலி இருக்கா, நாளைக்கு நடக்க வராத, தூங்கு"ன்னாங்க.

நீங்க கூப்பிட்டு ஒருத்தரும் வரலன்னா என்ன பண்றதுன்னு யோசிப்பீங்க. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஒருத்தருக்கு விருந்தாளி, ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, அக்காவுக்கு வேலை. நான் மட்டும் போனேன், ஆத்துல காலை விட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், தண்ணிக்குள்ள தெரிஞ்ச என் காலை ஒரு போட்டோ எடுத்து "அடுத்த ஞாயிறும் ஆறரைக்குத்தான்"னு மட்டும் எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாப்ல ஆறு இருபதுக்கே நாலு பேர் நின்னாங்க.