பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் அடிக்கும் சத்தமும் அந்தப் பெண்ணின் அழுகையும் கேட்கிறது. ‘புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதற்கு’ என்கிறார்கள் வீட்டில். புகார் சொன்னால் எங்களுக்கு வம்பு வருமா?

பதில்: பயப்பட வேண்டாம். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும், இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சுமத்த முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். மற்றவர்களின் நிலை, காதில் விழுந்த யாராவது வாய் திறந்தால்தான் வெளியே தெரியும்.

அடி விழுந்துகொண்டிருக்கும்போதே 112-ஐ அழையுங்கள். ‘குடும்பத் தகராறு’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் ஆபத்தைச் சிறியதாகக் காட்டிவிடும். “ஒரு பெண்ணை அடிக்கிறார்கள், அலறல் கேட்கிறது, உள்ளே குழந்தை இருக்கிறது” என்று, மாடி, கதவு எண்ணோடு சொல்லுங்கள். ஆயுதம் இல்லை என்று தெரிந்தால், இரண்டு பேராகப் போய் மணியை அடித்து, “உங்க வீட்டுல தண்ணி வருதா?” என்பதுபோல் எதையாவது கேட்கலாம். பல நேரம் அந்த அடி நிற்க அதுவே போதும். உள்ளே நுழையவோ நியாயம் பேசவோ வேண்டாம்.

நல்ல மனசுக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது மறுநாள் காலையில்தான். கணவரைத் தனியே அழைத்துப் புத்தி சொல்வார்கள். அவள்தான் வெளியே சொல்லிவிட்டாள் என்று அவர் முடிவுகட்டுவார். அவளுடைய போன் பறிபோகும், அடுத்த அடி இன்னும் பலமாக விழும். அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதும் அப்படித்தான்.

அந்தப் பெண்ணிடமே, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதோ வேறு எங்காவதோ, தனியாகப் பேசுங்கள். “சத்தம் கேட்டுச்சும்மா. எந்த நேரமானாலும் எங்க கதவைத் தட்டு” என்றால் போதும். ‘ஏன் இன்னும் இவரோட இருக்கே?’ என்று கேட்காதீர்கள். பிரிந்து போக முயலும் சமயத்தில்தான் உயிராபத்து கூடுகிறது. அந்தக் கணக்கு உங்களைவிட அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆதார், வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், ஒரு மாற்றுத் துணி அடங்கிய பையை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அது பெரிய உதவி.

பெண்கள் உதவி எண் 181, 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். அவர் பதிவுசெய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். ‘வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்களே’ என்ற பயம் பலரை வாய்மூட வைக்கிறது. வீடு யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை இதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தருகிறது. மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நீங்கள் கேட்டதைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் கலக்காதீர்கள். சாட்சி சொல்லும் நிலை வந்தால் அந்தக் குழப்பம்தான் குறுக்கு விசாரணையில் உங்களைக் கவிழ்க்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. கழுத்தை நெரித்ததாக அந்தப் பெண் சொன்னால், வெளியே தழும்பே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். குரல் கம்மல், விழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல் ஆகியவை உட்காயத்தின் அடையாளம். கழுத்து ரத்தக்குழாய் சேதமாகியிருந்தால் பல மணி நேரமோ சில நாட்களோ கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். மருத்துவமனையில் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் அங்குள்ள விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறும். பின்னால் வழக்கு அந்த ஒரு வரியில் தடுமாறும். யார், எதைக் கொண்டு, எங்கே தாக்கினார் என்பது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.