எஞ்சின் ஃபோர்டு, கார் இத்தாலி: ஏமாந்துவிட்டேனா?

பழைய இத்தாலியக் கார்கள் பற்றிச் சேர்ந்துபோன கடிதங்களை இந்த வாரம் ஒரேயடியாக எடுத்துக்கொண்டேன். ஃபெராரி வாங்குகிற வசதி உள்ளவர்கள் வேறு ஆளைப் பார்க்கவும். இங்கே வருவதெல்லாம் 'வகையறா' கார்கள்: போருக்குப் பிறகு டூரின், மொடெனா, ஃபோர்லி பக்கத்துச் சின்னப் பட்டறைகள் கைக்குக் கிடைத்த பாகங்களை வைத்துக் கட்டியவையும், அவற்றின் தம்பிமார்களும். ரசிகர்கள் 'எட்செடெரினி' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அதற்கும் பொருள் வகையறாதான்.

கே: டி டொமாசோ வல்லேலுங்கா ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகு பின்மூடியைத் தூக்கிப் பார்த்தால் எஞ்சினில் ஃபோர்டு என்று போட்டிருக்கிறது. கியர்பெட்டி ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுடையது என்கிறார் மெக்கானிக். ஏமாந்துவிட்டேனா? (லண்டன்)

ப: இல்லை. அந்தக் காரில் இருக்க வேண்டியது ஃபோர்டு கார்ட்டினாவின் 1.5 லிட்டர் எஞ்சின்தான். வேறு ஏதாவது இருந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க வேண்டும். ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டு மூடியைத் தூக்கியிருக்கிறீர்களே, இந்த முறை அதிர்ஷ்டம் உங்களைக் காப்பாற்றியது.

கே: 1930களின் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்று படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினேன். சியாட்டா ஸ்பிரிங் என்று பெயர். வந்த பிறகு முன்பக்கம் திறந்தால் எஞ்சினைக் காணோம். (டொராண்டோ)

ப: பின்பக்கம் திறங்கள். ஃபியட் 850இன் எஞ்சின் அங்கே உட்கார்ந்திருக்கும். 1967இல் வந்த கார் அது. பழைய காலத்துக் கார் மாதிரி தெரிய வேண்டும் என்றே முன்னால் பொய் ரேடியேட்டர் முகப்பு வைத்தார்கள். சியாட்டா யாரையும் ஏமாற்றவில்லை. விளம்பரத்தில் '1930' என்று எழுத்தில் இருந்ததா, நீங்களாக நினைத்துக்கொண்டதா? நீங்களாக நினைத்துக்கொண்டது என்றால் எனக்கு அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கே: ஜாவுர் 750 ஒன்று விலைக்கு வருகிறது. காரின் அடையாளத் தகட்டில் உள்ள எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றன. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? (பாசல்)

ப: தகட்டைத் தவிர எல்லாவற்றையும்.

தகடு என்றாலே எனக்குக் கோபம் வரும், காரணம் சொல்கிறேன். பழைய பாகச் சந்தைகளில் எண் அடிக்காத வெற்றுத் தகடு கிடைக்கும், எண் அச்சும் கிடைக்கும். இந்த வேலையில் எனக்கு அனுபவம் இல்லாத காலத்தில், ஃபியட் 1100 பாகங்களில் கட்டிய இரண்டு இருக்கைப் பந்தயக் கார் என்று ஒன்றை வாங்கினேன். தகடு பளபளவென்று இருந்தது. மூன்றாம் மாதம் ஒரு மழைநாளில், வேறு வேலை இல்லாமல், டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தேன். தகட்டைப் பிடித்திருந்த நான்கு ரிவெட்டிலும் நடுவே ஊசி நுழைகிற ஓட்டை. அந்தக் காலத்துப் பட்டறைக்காரன் சுத்தியால் அடித்து இறக்கிய ரிவெட் என்றால் தலை மூடியிருக்கும். ஓட்டை உள்ளது பாப் ரிவெட், நேற்றுப் போட்டது. வயிற்றைக் கலக்கியது. காரின் அடிச்சட்டத்தில், அதாவது சேஸியில், பெயிண்டைச் சுரண்டினேன். ஃபியட்டின் டோபோலினோ சட்டத்தை நடுவில் வெட்டி, நீட்டி, ஒட்டு வைத்திருந்தார்கள். 569 சிசி, 13 குதிரைசக்திக் குட்டிக் கார் அது! அந்தச் சட்டத்தில் இப்போது என் வீட்டுப் பின்கட்டில் தக்காளிக் கொடி படர்கிறது.

ஆகவே, சட்டத்திலேயே குத்திய எண்ணைப் பாருங்கள். எண்ணைச் சுற்றி இரும்பு மற்ற இடங்களைவிட வழவழப்பாக, கொஞ்சம் தாழ்ந்து இருந்தால் அரம் வேலை செய்திருக்கிறது. ராவி அழித்தாலும் அச்சு விழுந்த இடத்தில் உலோகம் அடியில் இறுகிப்போயிருக்கும். அமிலம் தடவினால் பழைய எண் மங்கலாக எழும். அதற்கென்று ஆட்கள் உண்டு, நீங்கள் தடவாதீர்கள்.

பிறகு பாடி. கதவின் உட்பக்கம் கைவிட்டுத் தடவுங்கள். கையால் அடித்த அலுமினியத்தில் சுத்தி பட்ட மேடுபள்ளம் விரலுக்குத் தெரியும். கேஸ் வெல்டிங் வைத்து, தட்டிச் சமன் செய்த பழைய தையல் ஒழுங்கில்லாமல் அகன்று ஓடும். காசு அடுக்கி வைத்தது போல் வரிசையாக இருந்தால் அது டிக் வெல்டிங், புது வேலை. டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மில்லிமீட்டர் பிசகாமல் இடதும் வலதும் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

எஞ்சினைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ரோம் நகரத்து எஞ்சின் பட்டறை ஜன்னினியும், உரானியாவும் சேர்ந்ததுதான் ஜாவுர் என்ற பெயர். உரானியா என்ற பெயரில் தெராமோவில் பெரார்தோ தாராஸ்கி என்பவர் முன்பு கட்டிய கார்களில் பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் இரட்டை சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இன்னொரு பட்டறைக்காரரான நார்தியும் அதே மாதிரி எஞ்சினை வைத்துக் கார் கட்டியிருக்கிறார். எனவே 'உரானியா' என்று சொல்லி யாராவது காட்டும்போது உள்ளே பைக் எஞ்சின் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். இந்தக் கார்களில் விசித்திரமான பாகம் இருப்பது குறை இல்லை. விசித்திரமாக எதுவுமே இல்லாமல் எல்லாம் பொருந்தி நிற்பதுதான் ஆபத்து.

காகிதத்துக்கு வருவோம். இத்தாலியில் 1927இலிருந்து வாகன உரிமைப் பதிவேடு இருக்கிறது, சுருக்கமாகப் பிராஆ. அங்கே 'எஸ்த்ராத்தோ க்ரொனோலோஜிகோ' கேளுங்கள்; யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதியில் என்று வரிசையாக வரும். நம்பர் பிளேட்டில் எம்ஓ என்று இருப்பதால் மொடெனாவில் பிறந்த கார் என்று நம்பிவிடாதீர்கள். 1994 வரை மாகாணம் மாறினால் பிளேட்டும் மாறியது. அது கடைசியாக எங்கே குடியிருந்தது என்பதை மட்டும் சொல்லும்.

கே: ஐயா, என் மாமனார் ஓய்வுக்காகச் சேர்த்த பணத்தில் ஒரு சியாட்டா வாங்கினார். பெயர் மாற்றப் போனபோதுதான் அதே சட்ட எண்ணில் வேறொரு கார் இருப்பது தெரிந்தது. "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார் விற்றவர். மாமனார் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. (பலெர்மோ)

ப: முதலில் அவரிடம் சொல்லுங்கள்: என்னைப் போன்றவர்களே இதில் விழுந்திருக்கிறோம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரில் எதையும் தொடாதீர்கள். கழுவக்கூட வேண்டாம். விளம்பரம், குறுஞ்செய்திகள், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் படியெடுத்து வையுங்கள். இத்தாலியச் சிவில் சட்டத்தின் 1495ஆம் பிரிவுப்படி, குறை தெரிந்த 8 நாளுக்குள் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும், வழக்குக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 1 வருடம். இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். சொன்ன பொருளுக்குப் பதில் முற்றிலும் வேறு பொருளைக் கொடுத்திருந்தால் ('அலியுட் ப்ரோ அலியோ' என்பார்கள் வக்கீல்கள்) இந்தக் குறுகிய கெடு பொருந்தாது. உங்கள் விஷயத்தில் அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது. இன்றைக்கே ஒப்புதல் அட்டையோடு பதிவுத்தபால் அனுப்புங்கள், நாளைக்கு வக்கீலைப் பாருங்கள். பாதி விலைக்காவது வேறு ஒருவர் தலையில் கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கே: ஈசோ கிரிஃபோவில் இருக்க வேண்டியது ஷெவர்லே வி8 அல்லவா? பார்த்த காரில் ஃபோர்டு இருக்கிறது. (பாரிஸ்)

ப: எந்த வருடத்துக் கார் என்று எழுதவில்லை. 1972க்குப் பிந்தியதில் ஃபோர்டு சரி. 1966இல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: பந்தினி 750 பார்க்கப் போகிறேன். மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடியவில்லை. தனியாக எதைப் பார்க்கலாம்? (பெர்லின்)

ப: ஸ்பேனர் செட் இரண்டு எடுத்துப் போங்கள். ஃபோர்லியில் இலாரியோ பந்தினி, அமெரிக்காவின் க்ராஸ்லி குட்டிக் காருடைய எஞ்சின் பிளாக்கை எடுத்து, மேலே தன் கையால் வடிவமைத்த இரட்டை கேம்ஷாஃப்ட் தலையை வைத்தார். சின்சினாட்டியில் ரேடியோவும் ஃப்ரிட்ஜும் விற்ற ஆளின் எஞ்சின், இத்தாலியில் பந்தயம் ஓடியது! பிளாக் அமெரிக்கா என்பதால் அதில் அங்குலக் கணக்கு போல்ட்டுகள், சட்டத்தில் மெட்ரிக். க்ராஸ்லி பிளாக் என்று சொல்லிவிட்டு அடியிலும் மில்லிமீட்டர் ஸ்பேனரே கச்சிதமாக உட்கார்ந்தால், ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் எடுத்தால் வண்டி ஏறிவிடுங்கள்.

கே: சித்தப்பா வீட்டில் பிரீமியர் பத்மினி எஞ்சின் ஒன்று சும்மா கிடக்கிறது. இத்தாலிய ரேஸ் காரில் இதே எஞ்சின்தான் என்கிறார்கள். இத்தாலிக்காரர்களுக்கு விற்றால் நல்ல விலை வருமா சார்? (கோவை)

ப: சொந்தம் உண்மைதான். 1937இல் ஃபியட் 508சியில் வந்த 1089 சிசி எஞ்சினின் வழியில் வந்தது பத்மினி எஞ்சின். மொடெனாவின் ஸ்டாங்குவெல்லினி 1958இலிருந்து ஃபார்முலா ஜூனியர் பந்தயங்களில் ஓட்டியதும் அதே வம்சம். ஆனால் அவர்கள் கார்புரேட்டர் முதல் கேம்ஷாஃப்ட் வரை மாற்றி வேறு ஆளாக்கிவிட்டார்கள். சித்தப்பா எஞ்சினைப் பத்மினி எஞ்சின் என்று சொல்லியே பத்மினிக்காரருக்கு விற்கவும். 'ஸ்டாங்குவெல்லினி' என்று போட்டு விற்றால் வாங்க ஆள் கிடைப்பான். அவன் கடிதமும் எனக்குத்தான் வரும்.