திரையை வாங்கினீர்கள், புரோகிராம் கோப்பையும் வாங்கினீர்களா?
(வாங்குவோர் கேள்வி–பதில்)

கேள்வி: ஐஸ் தொழிற்கூடம் நடத்துகிறோம். எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பேனலுக்குக் கைப்பேசி போன்ற கண்ணாடித் தொடுதிரை வாங்கலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: வேண்டாம். அழுத்தத்தை உணரும் ரெசிஸ்டிவ் திரையை வாங்குங்கள். கைப்பேசியில் இருக்கும் கெப்பாசிட்டிவ் வகை, தடித்த ரப்பர் கையுறையை உணராது; மேலே வழியும் தண்ணீரைச் சில வேளைகளில் விரலென்றே எடுத்துக்கொள்ளும். தண்டையார்பேட்டையில் பொட்டலமிடும் எந்திரம் வைத்திருந்த காலத்தில், பளபளப்பைப் பார்த்து நானும் அப்படியொரு திரையை வாங்கினேன். எந்திரத்தை ஓட்டிய அம்மா ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டியிருந்தது. மூன்றாம் மாதமே கழற்றிவிட்டேன். எந்தத் திரையானாலும், அவசர நிறுத்தத்தை அதற்குள் வைக்காதீர்கள்; அது தனிக் கம்பி இணைப்புள்ள சிவப்புப் பொத்தானாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: திரை 7 அங்குலமா, 10 அங்குலமா?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: ஓட்டுபவர் ஒரே பார்வையில் காண வேண்டிய எண்களைத் தாளில் எழுதிப் பாருங்கள், ஏழெட்டுக்குள் அடங்கினால் 7 அங்குலம் போதும்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததென்று இணையத்தில் ஒரு திரை வாங்கினேன். எங்கள் மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். பி.எல்.சி.யுடன் (எந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பேச மறுக்கிறது. பேனலில் வெட்டிய துளையிலும் உட்காரவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், மாதவரம்

பதில்: விற்றவர் எதை மறைத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த பி.எல்.சி.யின் புரோகிராமிங் போர்ட் ஆர்.எஸ்.-422 வகை. நீங்கள் அனுப்பிய படத்தில், திரையின் பின்புறம் இரண்டு கம்பி ஆர்.எஸ்.-485 மட்டுமே இருக்கிறது; இரண்டும் வேறுவேறு இணைப்பு வகைகள். எந்தெந்த பி.எல்.சி.யோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள் உண்டு என்ற பட்டியலும், துளையின் அளவும் விற்பனைப் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன. ஒரு அளவுகோலை எடுத்து ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. திருப்பி அனுப்பக் கெடு இருந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் எந்திரத்தை நானே ஓட்டிப் பிழைக்கிறேன். ஐந்தாம் ஆண்டில் திரை கருத்துவிட்டது. தொட்டால் ஒலி மட்டும் வருகிறது. எந்திரம் விற்றவர் புதுத் திரைக்கும் புரோகிராமுக்கும் சேர்த்து 85,000 ரூபாய் கேட்கிறார்; பழைய புரோகிராமின் நகலைத் தர மாட்டாராம்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், போனது பேக்லைட் (திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு) மட்டுமே. புரோகிராம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. நல்ல திரைகளுக்கே பேக்லைட்டின் ஆயுள் பொதுவாக 50,000 மணி நேரம் என்றுதான் குறிக்கிறார்கள். இரவு பகலாக எரிந்தால் அது ஆறு ஆண்டுக்கும் குறைவு. பேக்லைட்டை மட்டும் மாற்றித் தரும் பழுதுபார்ப்பவரைத் தேடுங்கள். வேலை முடிந்ததும், அந்த விளக்கை அணைத்து வைக்கும் ஸ்கிரீன் சேவரை இயக்கி வையுங்கள்.

நகல் தர மறுக்கும் இந்த வழக்கம் என்னை வெகுநாளாகக் கொதிக்க வைக்கிறது. எந்திரத்துக்கு முழு விலையையும் கொடுத்தவர், அதை இயக்கும் புரோகிராமுக்காக ஆயுள் முழுக்க ஒருவர் வாசலில் நிற்க வேண்டும் என்பது அநியாயம். திரைக்குள் ஏற்றப்படும் கோப்பு வேறு, திருத்தக்கூடிய மூலக் கோப்பு வேறு. பல தயாரிப்புகளில் முன்னதை வெளியே எடுத்தாலும் அதைத் திருத்த வழியில்லை, பாஸ்வேர்டு போட்டிருந்தால் எடுக்கவே முடியாது. ஆகவே, எந்திரம் வாங்கும் எவரும் திரையின் மூலக் கோப்பு, பி.எல்.சி. புரோகிராம், பாஸ்வேர்டுகள் ஆகிய மூன்றையும் பென் டிரைவில் தர வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி, அவை கைக்கு வரும்வரை கடைசித் தவணையைப் பிடித்து வைக்க வேண்டும்.

உங்களுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குவோரை விலக்கினாலும், சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்துவோரை விலக்கவில்லை. நகலைக் கடிதம் எழுதிக் கேளுங்கள். மறுப்பையும் எழுத்தில் பெறுங்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசுங்கள்.

கேள்வி: ஐ.பி.65 என்று போட்ட திரைதான். ஒன்றரை ஆண்டில் பின்புற இணைப்பெல்லாம் துருப்பிடித்துவிட்டது.
– வாசகர், எண்ணூர்

பதில்: ஐ.பி.65 என்பது தூசியும் தண்ணீரும் புகாமைக்கான தர எண். தனியாகக் குறிப்பிடாத வரையில், அந்த எண் கேஸ்கட்டோடு (இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம்) பேனலில் பொருத்திய திரையின் முன்முகத்துக்கு மட்டுமே உரியது, பின்புறத்தைக் காக்க வேண்டியது உங்கள் பேனல் பெட்டி. கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் கதவின் ரப்பர் பட்டையையும், கேபிள் நுழையும் துளைகளை இறுக்கி அடைக்கும் கிளாண்டையும் இந்த வாரமே பாருங்கள். அடுத்த முறை சர்க்யூட் போர்டுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) கொடுத்த திரையாகக் கேட்டு வாங்குங்கள்.